டிவிடி ட்ரே திறக்கல, உள்ள கொடை வீடியோ மாட்டிக்கிட்டு

அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. வீட்டுல பழைய அசெம்பிள் கம்ப்யூட்டர், 2010ல வாங்குனது. விண்டோஸ் 7, சாட்டா கேபிள்ல மாட்டுற டிவிடி ரைட்டர். போன வாரத்துல இருந்து ட்ரே வெளிய வரல. பட்டனை அமுக்குனா லைட் மினுக்குது, உள்ள மோட்டார் முனகுது, "டக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ள இருக்கது எங்க ஊர் சுடலைமாடன் கோயில் கொடை (திருவிழா) வீடியோ. வேற காப்பி கிடையாது.

மை கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக் பண்ணி எஜெக்ட் குடுத்தாச்சு. விண்டோஸ் ஏறுறதுக்கு முன்ன, கம்ப்யூட்டர் ஆன் ஆனதுமே பட்டனை அமுக்கியும் பாத்தாச்சு. பவர் கேபிள் மாத்தியாச்சு. கரண்டை நிறுத்திட்டு முன்னால உள்ள சின்ன ஓட்டையில ஜெம் கிளிப்பை நிமித்தி விட்டுக் குத்துனேன். ட்ரே ஒரு நூல் அளவு வந்து அப்படியே நின்னுட்டு. பலமா இழுக்கப் பயமா இருக்கு.

எனக்கு ரெண்டு சந்தேகம். உள்ள ட்ரேயைத் தள்ளுற ரப்பர் பெல்ட் தளந்திருக்கலாம். இல்லன்னா, டிஸ்க் மேல ஸ்டூடியோக்காரர் ஒட்டுன பேப்பர் ஸ்டிக்கர் உரிஞ்சு மேல மாட்டியிருக்கலாம். நம்ம ஊரு வெயிலுக்கு உரியாம இருந்தாத்தான் அதிசயம்! அம்பாசமுத்திரத்துல காட்டுன கடையில, "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க, டிஸ்க்குக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னுட்டாங்க. ட்ரைவ் போனாப் போகட்டும், எனக்கு டிஸ்க்தான் வேணும்.

ட்ரைவைக் கழட்டி, அடித்தகட்டு ஸ்க்ரூவை எடுத்து, பெல்ட் ஓடுற சக்கரத்தைக் கையால சுத்துனா டிஸ்க்ல கீறல் விழாம ட்ரே வெளிய வருமா?