கறிவேப்பிலைக் கன்றில் பச்சைப் புழுக்கள்: அகற்ற வேண்டுமா?

கேள்வி:
மதுரையில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலைக் கன்றில், பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருந்த புழுக்கள், சில நாட்களில் பருத்துப் பச்சை நிறமாகிவிட்டன. குச்சியால் தொட்டபோது ஒன்று தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்புகளை நீட்டியது. இவை கடிக்குமா? மருந்து தெளிக்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து மருந்து தெளிக்காதீர்கள். இவை பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களாகவே இருக்கும். கடிக்கவோ கொட்டவோ மாட்டா. எறும்பு போன்ற எதிரிகளை விரட்டுவதற்காகவே அந்தக் கொம்புகளை நீட்டி நெடியைப் பரப்புகின்றன. தொடக்கத்தில் எச்சம் போலத் தோன்றுவதும் பறவைகளிடமிருந்து தப்புவதற்குத்தான்.

பதில் 2:
கன்று மிகச் சிறியதாக இருந்தால், புழுக்களை இலையோடு கிள்ளி, பெரிய கறிவேப்பிலை மரம் ஒன்றில் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு புழு, இடுப்பைச் சுற்றி நூலிழை கட்டிக் குச்சியில் சாய்ந்தபடி கூட்டுப்புழுவானது. பத்தாம் நாள் காலையில் வெளிவந்த பூச்சி, கசங்கியிருந்த இறக்கைகள் விரிந்து உலரும்வரை அசையாமல் தொங்கிவிட்டு, இட்லிப்பூச் செடியை நோக்கிப் பறந்ததைக் கண்ணாரக் கண்டேன்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மருந்து தெளிக்கவில்லை, மூன்று புழுக்களைப் பக்கத்து வீட்டு மரத்துக்கு மாற்றியிருக்கிறேன்.