இந்திய தேசிய இராணுவத்தில் இருந்த தாத்தாவைப் பற்றிய ஆவணங்களைத் தேடுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் தந்தை, இன்றைய சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இளவயதில் மலாயாவின் இரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டச் சென்றவர். போர் முடிந்து 1946-இல் ஊர் திரும்பியிருக்கிறார். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் நேதாஜியின் படையில் இருந்தார் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கையில் இருப்பதோ ஒரே ஒரு புகைப்படம். அதில் காக்கிச் சட்டையும் மடிப்புத் தொப்பியும் அணிந்து நிற்கிறார். பின்புறத்தில் பென்சிலால் எழுதிய எண் ஒன்று பாதி அழிந்த நிலையில் இருக்கிறது. “பர்மாவிலிருந்து நடந்தே வந்தேன்” என்று அடிக்கடி சொல்வாராம். தியாகி ஓய்வூதியம் அவர் பெறவில்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஏதோ மனு எழுதுவதற்காக இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்தது அம்மாவுக்கு நினைவிருக்கிறது. சலுகை எதையும் நாடி இதைக் கேட்கவில்லை. அவர் எந்தப் பிரிவில், எங்கே இருந்தார் என்று தெரிந்தால் போதும்.

மறுமொழி 1

வணக்கம். அந்தப் படைக்குள் ஆட்கள் வந்த வழி இரண்டு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு, அவர்களில் ஓர் அதிகாரியான மோகன் சிங் அமைத்த படை அந்த ஆண்டு முடிவதற்குள் கலைந்துபோனது. 1943 ஜூலையில் போஸ் பொறுப்பேற்ற பிறகு சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். முதல் வகையினருக்குப் பழைய படைப்பிரிவின் பணிப்பதிவேடு இருக்கும்; மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர் என்றால் பெங்களூரில் தேடலாம். தங்கள் தாத்தா இரண்டாம் வகை என்பதால் அந்தப் பக்கம் அலைய வேண்டாம்.

புது டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 1997-இல் ஒப்படைத்த 990 கோப்புகள் இந்தப் படையைப் பற்றியவை. காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் அட்டவணையைப் பார்க்கலாம். முத்துசாமி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தர்கள் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள் என்பதால், எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். தந்தை பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. இன்னொன்று, சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். அக்காலத் தாள்களில் தங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தின் கீழ்தான் வரும்.

மறுமொழி 2

மனம் புண்படக் கூடாது என்ற வேண்டுகோளுடன் ஓர் ஐயத்தை எழுப்புகிறேன். ஜப்பானியர் 1942, 43 ஆண்டுகளில் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா இரயில் பாதைக்கும் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பெருந்திரளாகக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பித் திரும்பியவர்களும் பர்மாவையும் நடையையும் பற்றித்தான் பேசினார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் இரண்டு கதைகளும் ஒன்றாகக் கலந்துவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். என் குடும்பமும் அவற்றில் ஒன்று. புகைப்படம் படையைத்தான் காட்டுகிறது என்றாலும், அவர் வாய்மொழியாக வேறு என்ன சொன்னார் என்று அம்மாவிடம் மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

நியாயமான ஐயம், ஐயா. நேற்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவையும் தம்பிகளையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, “ஏக், தோ” என்று எண்ணி நடக்கவிடுவாராம். அந்தப் படையில் புழங்கிய இந்துஸ்தானியை வேறு எங்கும் கற்றிருக்க வழியில்லாத மனிதர். இரங்கூனில் வெள்ளைக்காரர்கள் முள்வேலிக்குள் அடைத்து வைத்திருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். பாதை போட்டதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மறுமொழி 3

அப்படியானால் படைதான் என்று கொள்ளலாம். 1945 மே மாதத்தில் இரங்கூன் பிரிட்டிஷார் கைக்கு வந்தபோது, இந்தப் படையின் மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் நகரில் தங்கியிருந்த சில ஆயிரம் வீரர்கள் சரணடைந்தார்கள். முள்வேலிச் செய்தி அதனுடன் ஒத்துப்போகிறது.

என் கருத்தில், தாங்கள் தேட வேண்டியது தாத்தாவின் பெயரை விடவும் மனு எழுத வந்த அந்தப் பக்கத்து ஊர்க்காரரின் கோப்பை. தமிழ்நாடு அரசு 1966 முதலும் மத்திய அரசு 1972 ஆகஸ்ட் 15 முதலும் தியாகிகளுக்கு ஓய்வூதியம் வழங்கின. மத்தியத் திட்டத்துக்குப் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் காட்ட வேண்டும்; சிறை ஆவணம் கிடைக்காதவர்கள் உடனிருந்த கைதிகளின் சான்றை இணைத்தார்கள். ஒரே முகாமில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நாடியது அதனால்தான். அவருடைய மனுவில் பிரிவு, முகாம், தேதிகள், கூட இருந்தோர் பெயர்கள் என எல்லாம் இருக்க வாய்ப்புண்டு.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் பிறருடைய கோப்பு என்று மறுக்கக்கூடும் என்பதால், முதலில் அவர் குடும்பத்தாரைச் சந்தித்துச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். அவர்கள் வீட்டுப் பெட்டியிலேயே மனுவின் நகல் கிடைத்துவிடவும் கூடும்.

புகைப்படத்தின் பின்புறத்தைத் துடைத்துவிடாதீர்கள். இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால், பென்சில் அழுந்திய தடம் நிழலாகத் தெரியும். அப்படியே படமெடுத்து இங்கே பதிவிடுங்கள். படை எண்ணா, படம் எடுத்த ஸ்டுடியோவின் எண்ணா என்று பார்த்துச் சொல்கிறோம்.