கதை, போட்டோ குழுவில் முன்குறிப்புப் பட்டியல் 60 சொல் ஆயிடுச்சு, எப்படிக் குறைக்கலாம்?

தண்டையார்பேட்டை அட்மின்:
வடசென்னைக்காரங்க எழுதுற சிறுகதை, எடுக்குற போட்டோ ரெண்டையும் பகிர்ற குழு. பாதிப் பேர் வாட்ஸ்அப், மீதி டெலிகிராம். மனசைக் கலைக்கிற விஷயம் வந்தா முன்னாடியே சொல்லணும்னு ஒரு பட்டியல் வெச்சோம். ஆளாளுக்குச் சேர்த்து இப்ப 60 சொல் நிக்குது. யாரும் முழுசாப் படிக்கிறதில்ல, எல்லாக் கதைக்கும் மேல "இளகிய மனசுக்காரர்கள் தவிர்க்கவும்"னு ஒரே வரியை ஒட்டிடறாங்க. எப்படிச் சுருக்குறது? கதையோட முடிச்சு முன்னாடியே அவிழ்ந்துடுதுன்னு வருத்தப்படுற எழுத்தாளருக்கு என்ன வழி?

ராயபுரம் வாசகி:
அந்த ஒத்த வரியை இன்னைக்கே எடுத்துடுங்க சகோ. எது வரப்போகுதுன்னு சொல்லாத எச்சரிக்கை பயத்தைத்தான் கொடுக்கும், படிக்கலாமா வேணாமான்னு முடிவெடுக்க உதவாது. குறிப்புல மூணு விஷயம் இருந்தா போதும்: என்ன, எவ்வளவு, எங்க. "வெள்ளத்தில் குழந்தை சாவு, நேரடி விவரிப்பு, 4ஆம் பக்கம் நடுவில்." அதுவே பேச்சுவாக்குல வந்துபோனா "ஒரு வரியில் மட்டும்"னு போடுங்க. அந்த இடத்தை மட்டும் தாண்டிட்டு மிச்சத்தைப் படிக்க விரும்புறவங்களுக்குப் பக்க எண் ரொம்ப முக்கியம்.

பட்டியலைச் சொல் சொல்லா வளர்க்காம தலைப்பா வைங்க, பத்துக்குள்ள. வேற எங்கேயோ போட்ட பொதுப் பட்டியலை இங்க இறக்கினா ஒத்து வராது. கடலுக்குப் போனவர் திரும்பாதது, வெள்ளம், ஆலை விபத்து, போலீஸ் அடி, சாதி வசவு, குடிச்சிட்டு வீட்டுல அடிக்கிறது, இதெல்லாம் நம்ம பக்கத்துல தனித்தனியா நிக்கணும். டிசம்பர் 26ஐ எடுத்துக்குங்க. 2004ல சுனாமி, 2023ல அதே தேதி ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அம்மோனியா கசிவு. அந்த வாரம் ரெண்டுக்கும் நினைவுப் பதிவு வரும். ரெண்டையும் "பேரிடர்"னு ஒரே தலைப்புல அடைச்சா, ஒண்ணைத் தவிர்க்க நினைக்கிறவர் இன்னொண்ணையும் படிக்காம விட்டுடுவார்.

எந்தத் தலைப்பு யாருக்காகன்னு மட்டும் எங்கேயும் எழுதி வைக்காதீங்க. பேர் போட்ட பட்டியல் ஒரு ஸ்கிரீன்ஷாட்ல வெளியே போச்சுன்னா, யாரை எங்க தொட்டா வலிக்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். புதுத் தலைப்பு கேக்க கூகுள் ஃபார்ம் வைங்க. அதுல மின்னஞ்சல் சேகரிக்கிறதை அணைக்கணும். "ஒருத்தருக்கு ஒரு பதில்" கட்டுப்பாட்டையும் அணைச்சுடுங்க, அது இருந்தா கூகுள் கணக்குல நுழையச் சொல்லும், பாதிப் பேர் அங்கேயே திரும்பிடுவாங்க. ஏன் வேணும்னு காரணம் கேக்கவே கூடாது.

வியாசர்பாடி டெக்:
போன்ல எது எங்க கசியும்னு சொல்றேன். வாட்ஸ்அப்ல கதையை அப்படியே ஒட்டினா, பூட்டின திரையில நோட்டிஃபிகேஷனா முதல் வரிகள் தெரியும். பிடிஎஃப்பா போடுங்க. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு: அரட்டையிலேயே முதல் பக்கத்தோட மேல்பகுதி படமாத் தெரியும். அதனால முதல் பக்கத்துல தலைப்பும் குறிப்பும் மட்டும், கதை ரெண்டாம் பக்கத்துல இருந்து. ஃபைலை வேற குழுவுக்கு ஃபார்வர்டு பண்ணினாலும் குறிப்பு கூடவே போகும். தனிச் செய்தியா எழுதின குறிப்பு இங்கேயே நின்னுடும்.

டெலிகிராம்ல மறைக்க வேண்டிய வரிக்கு முன்னாடி ரெண்டு செங்குத்துக் கோடு (||), பின்னாடியும் ரெண்டு. தட்டினாத்தான் திறக்கும். போட்டோ அனுப்பும்போது மெனுவுல ஸ்பாய்லரா மறைக்கிற வசதியும் இருக்கு. காசிமேட்டுல மீன் வெட்டுற படம், ரத்தம் தெரியுற படம் எல்லாத்தையும் இப்படி மறைச்சே போடலாம். வாட்ஸ்அப்ல இருக்கிறவங்க தானா டவுன்லோடு ஆகுறதை நிறுத்தணும். ஆண்ட்ராய்டுன்னா குழுத் தகவலுக்குள்ள மீடியா விசிபிலிட்டியை "நோ"ன்னு மாத்தணும். இல்லைன்னா அந்தப் படம் வீட்டுக் குழந்தைங்க பார்க்கிற கேலரியில போய் உக்காந்துடும். இதை அட்மின் எல்லாருக்காகவும் மாத்த முடியாது, அவங்கவங்கதான் செய்யணும்.

பெரம்பூர்:
ஒண்ணு சேர்க்கணும். 2023ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த ஒரு தொகுப்பாய்வு, முன்குறிப்பு பார்க்கிறவங்களோட வேதனையைக் குறைக்கலைன்னும், படிக்கிறதுக்கு முந்தின பதற்றத்தைக் கொஞ்சம் கூட்டுதுன்னும் காட்டுச்சு. அதைப் பார்த்துட்டு ஆட்கள் தவிர்க்கிறதும் பெருசா இல்லை. அதனால "இது உங்களைக் காக்கும்"னு விதியில எழுதாதீங்க. உள்ள என்ன இருக்குன்னு சொல்ற லேபிள், அவ்வளவுதான்.

ராயபுரம் வாசகி:
சரிதான் பெரம்பூர். ஆனா அந்த ஆய்வுகள்ல பெரும்பாலும் ஒரு பத்தியோ படமோ கையில கொடுத்துப் பார்க்கச் சொன்னாங்க. நம்ம குழுவுல, ராத்திரி படிக்காம நாளைக்குப் பகல்ல படிக்கலாம்னு தள்ளி வைக்கலாம். அந்தத் தேர்வுக்காகவே லேபிள் வேணும்.

முடிச்சு பத்தின கவலைக்கு: ரசிகர்கள் எழுதுற கதைகளைப் போடுற ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்துல "எழுத்தாளர் எச்சரிக்கை தர விரும்பவில்லை"ன்னே ஒரு குறி உண்டு. அதையும் அனுமதிங்க. "எதுவும் வரலாம்"னு வாசகருக்குப் புரிஞ்சிடும், கதையும் உடையாது. தற்கொலைக்கு மட்டும் இந்த விலக்கு கூடாது. அதுல முறையை விவரிக்கிற வரியே வேணாம், கீழ 104, 14416 உதவி எண்களைப் போடுங்க.

தண்டையார்பேட்டை அட்மின்:
ரொம்ப நன்றி. குறிப்பு போட மறந்துட்டா?

வியாசர்பாடி டெக்:
வாட்ஸ்அப் செய்தியை 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், எழுதினவருக்குத் தனியா சொல்லுங்க. நேரம் தாண்டிட்டாலோ, பிடிஎஃப்பா போட்டிருந்தாலோ அட்மின் எல்லாருக்கும் அழிச்சிட்டு, குறிப்போட மறுபடி போடச் சொல்லணும். குழுவுல வெச்சுக் கேக்காதீங்க. அந்தச் செய்தியை ரிப்ளையில இழுத்து "குறிப்பு எங்கே?"ன்னு கேட்டா, மறைக்க வேண்டிய வரியே இன்னொரு தடவை எல்லார் கண்ணுலயும் படும்.