ஊர் வீட்டில் ஒன்பது நாள்: அடுப்படியில் யார், முகப்பில் யார்?

பள்ளத்தூர் மருமகள்:

விடுமுறைக்குச் செட்டிநாட்டு ஊர்களுக்கு வந்து போகிறவர்கள் எல்லாரும் எழுதுங்கள். பத்துப் பதினைந்து பேர் கூடுகிற நாட்களில் உங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொண்டீர்கள்? பங்கிட முடியாமல் போனதையும் எழுதுங்கள். முதலில் என் கதை.

சென்னையில் நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். என் கணவர் பாத்திரம் துலக்குவார், பையனுக்குச் சாப்பாடு கட்டுவார், துணி மடிப்பார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பல்லவன் ரயிலில் வந்து காரைக்குடியில் இறங்கி, பள்ளத்தூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். எங்கள் வீடு பழைய வீடு. முகப்பு, அதைத் தாண்டி முற்றமும் அறைகளுமாக வளவு, பிறகு இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. முகப்பில் பேசுவது அடுப்படிக்குக் கேட்காது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் என்று நூறு வருடம் புழங்கிய வீட்டில் அவர் கால் தானாக முகப்புக்குப் போகும், என் கால் தானாக அடுப்படிக்குப் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம், ஒன்பது நாள், பதினான்கு பேர். ஆறாம் நாள் சாயங்காலம் நல்ல கோடை மழை. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டியிருக்கிறது. பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் நனைந்து ஆடியிருக்கிறார்கள். என் மகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் இருப்புச்சட்டி முன்னால் நின்று மசாலா சீயம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது முற்றத்தில் ஈரம் இருந்தது, மழை இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "ஊரில் நான் அடுப்படிக்குள் வந்தால் உனக்குத்தான் பேச்சு வரும்" என்றார். அது உண்மைதான். மகன் கரண்டி பிடித்தால் மருமகளைத்தான் கேட்பார்கள். நான் சொன்னேன்: "அந்தப் பேச்சை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் வேலைதான். இத்தனை வருடம் அதை நான்தான் செய்துவருகிறேன்." அவர் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்த வருடம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவரே தொலைபேசியில் என் மாமியாரிடம் பேசினார். "ஆத்தா, காலைப் பலகாரம் ஒன்பது நாளும் என் பொறுப்பு. யாரும் எழுந்துவர வேண்டாம்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "உளுந்து வாங்கி வைக்கவா?" என்று கேட்டார்கள். "அதையும் நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது அந்த வார்த்தையில்தான். முன்பெல்லாம் அவர் 'உதவி' செய்யும்போது கிரைண்டரைப் போடுவார். ஊறவைக்க நினைவூட்டுவது, எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது, கிரைண்டரைக் கழுவுவது எல்லாம் என்னிடமே நிற்கும்.

முதல் நாள் வெள்ளைப் பணியாரம். படியில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து நிற்கிற அளவுக்கு வைப்பதுதான் கணக்கு. நாலரை மணிக்கு எழுந்து ஊறவைத்திருக்கிறார். ஏழு மணிக்கு முதல் கரண்டி மாவு எண்ணெயில் விழுந்தது. அது எழும்பவே இல்லை, தட்டையாக அடியில் கிடந்தது. ஆத்தா அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. "மாவு இறுகி இருக்கிறது தம்பி. ஒரு கை பால் விடு. எண்ணெய் இன்னும் காயட்டும்" என்றார்கள். நாலாவது பணியாரம் ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து, நடுவில் குமிழாகப் பொங்கி எழுந்தது. ஆத்தா அதை எடுத்து மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்குக் கந்தரப்பம் போடு, பக்குவம் சொல்கிறேன்" என்றார்கள்.

நான் முதல் இரண்டு நாளும் படுக்கையில் விழித்துத்தான் கிடந்தேன். பாத்திரச் சத்தம் கேட்டால் எழுந்துவிடத் தோன்றும். மூன்றாம் நாள்தான் தூக்கம் வந்தது.

எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் கல்யாணமான பிள்ளையை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே கூரைதான், ஆனால் அடுப்பும் வரவு செலவும் தனி. கொடுப்பதை முழுசாகக் கொடுத்துவிடுவார்கள். விடுமுறை வேலையையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஒரு வேலையைத் தொடக்கம் முதல் கடைசிவரை, நினைப்போடு சேர்த்து ஒருவரிடம் விட்டுவிட வேண்டும்.

தேவகோட்டைக்காரர்:

தங்கச்சி, உங்கள் மழையைப் படித்ததும் என் மனைவியிடம் போய், "நீ ஊரில் எதையெல்லாம் பார்க்காமல் விட்டாய்?" என்று கேட்டேன். "எதைச் சொல்ல?" என்றாள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது, கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விடுமுறைக்கு மகன், மகள் குடும்பங்கள் வந்தால் அடுப்படி வாசலில் நின்று, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பேன். அதையே பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் என் மனைவி கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு வேலை யோசித்துக் கொடுப்பதும் எனக்கு ஒரு வேலையாக இருக்கிறது." சுருக்கென்றிருந்தது. அவள் சொன்னது சரி.

இந்தப் பக்கத்து ஆண்களுக்கு ஒரு பழைய சாக்கு உண்டு, சம்பாதிப்பது நம் வேலை என்று. என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவில் மூன்று வருடக் கணக்கில் இருந்தவர். ஆண்கள் கடல் கடந்து போய், தொழில் நடத்தித் தங்கும் கிட்டங்கியில் இருந்த காலமெல்லாம் இங்கே வீடு, வரவு செலவு, பிள்ளைகள், கோவில் முறை அத்தனையும் பெண்கள் கையில்தான் இருந்தன. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதைப் படித்தபோது எங்கள் அப்பத்தா கண்முன் வந்தார்கள்.

கணக்கர் புத்தி, ஒரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். விடுமுறைக்கென்று தனிக் கணக்கு எடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இப்போது என் பங்கு இரவு. என் தாயாருக்கு எண்பத்தொன்பது வயது, நினைவு தப்புகிறது. கூட்டம் கூடினால் இரவில் எழுந்து, "யார் வீடு இது?" என்று நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். முன்பு என் மனைவிதான் பக்கத்தில் படுப்பாள். பகலெல்லாம் அடுப்பில் நின்றவள் இரவும் விழித்திருப்பாள். இந்தப் பொங்கலுக்கு நான் பட்டாலை என்கிற கூடத்தில் ஆத்தா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டேன். மாத்திரை, கழிவறைக்குக் கூட்டிப்போவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். முதல் நாள் துணி மாற்ற வெட்கப்பட்டேன். ஆத்தா வெட்கப்படவில்லை. என்னை யாரென்று தெரியாமல், "நல்ல பிள்ளை, யார் பெற்ற பிள்ளை நீ?" என்று கேட்டார்கள். நான் பெயரைச் சொன்னேன். "என் மகன் பெயரும் அதுதான்" என்றார்கள்.

கோவையிலிருந்து:

எங்களுக்கு இங்கே ஊர் வீடு கிடையாது. கானாடுகாத்தானில் பழைய வீடொன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள், அங்கே நான்கு நாள் தங்கினோம். சமையல் இல்லை, கூட்டிப் பெருக்கும் வேலையும் இல்லை. அப்படியும் நான் களைத்துத்தான் திரும்பினேன். ஏன் என்று யோசித்தேன். பெட்டி கட்டியது நான். சின்னவனுக்குக் காய்ச்சல் மருந்து எடுத்து வைத்தது நான். காரம் இல்லாமல் பெரியவளுக்கு என்ன கொடுப்பது என்று விடுதிச் சமையலறையில் மூன்று வேளையும் போய்ச் சொன்னது நான். பணம் கொடுத்தால் வேலையைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள், கவலையை யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

இரண்டாம் நாள் இரவு இதைப் பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். ஒரு நாள் பிள்ளைகள் முழுக்க அவர் பொறுப்பு, மறுநாள் என் பொறுப்பு. பொறுப்பில்லாதவர் வாயே திறக்கக் கூடாது. மூன்றாம் நாள் அவர் முறை. சின்னவனுக்குத் தொப்பி போடாமல் வெயிலில் கூட்டிப்போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு பட்டறையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். தரைக்கல் செய்கிறவர் கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டம் வைத்து, பூப்போட்ட அச்சுக்குள் வர்ணச் சிமெண்டுக் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார். மஞ்சள், பச்சை, செங்காவி. அச்சைத் தூக்கியதும் கோடு கலையாமல் பூ அப்படியே நிற்கிறது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்பக்கம் பூசி, காயவைத்துத் தண்ணீரில் போடுகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியில் படிந்த பக்கம் கண்ணாடி போலவே பளபளக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு காரியத்தை யாரும் கூப்பிடாமல் கடைசிவரை நின்று பார்த்தது அன்றுதான். திரும்பிவந்தபோது சின்னவன் சிவந்து கன்றிப்போய், அப்பா மடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் தொப்பியை அவரே தேடி எடுத்தார்.

புதுவயல்:

எனக்கு எல்லாவற்றிலும் உடன்பாடு இல்லை. வருடத்தில் பத்து நாள்தான் நானும் என் ஓரகத்திகளும் சேர்ந்து நிற்கிறோம். அடுப்படியில்தான் எங்கள் பேச்சு, சிரிப்பு, அழுகை எல்லாம். அங்கே ஆண்கள் வந்து நின்றால் வாய் மூடிவிடும். சமையல் எங்களிடமே இருக்கட்டும். துவைப்பது, காயப்போடுவது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது ஆகியவற்றை அவர்கள் எடுத்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் இந்த முறை அப்படித்தான் நடந்தது. நன்றாகவே நடந்தது.

கோட்டையூர் பக்கம்:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அம்மா இப்படிப்பட்ட ஒரு பெரிய வீட்டில் வேலை செய்கிறார். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வீடு பூட்டிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை போய்த் திறந்து, பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருவார். வீட்டுக்காரர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தால் ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஒட்டடை அடித்து, அறை அறையாகத் துடைத்து, பரணிலிருந்து பாத்திரம் இறக்கிப் புளி போட்டு விளக்க வேண்டும். அவர்கள் வந்த பிறகு விடிவதற்கு முன் போனால் இரவு சாப்பாட்டுப் பாத்திரம் முடிந்த பிறகுதான் வீடு திரும்புவார்.

எங்கள் பள்ளி விடுமுறையும் அதே மே மாதம்தான். நான் படித்த காலத்தில் ஒரு கோடை விடுமுறையில்கூட அம்மா பகலில் வீட்டில் இருந்தது எனக்கு நினைவில்லை. வேலையைக் கணவனும் மனைவியும் பங்கிட்டுக்கொள்வதாக எழுதுகிறீர்கள். அந்தப் பங்கில் பாதி எங்கள் அம்மாக்கள் தலையில் இருக்கிறது. அவர்களையும் கணக்கில் எழுதுங்கள். கோபமாக எழுதவில்லை. அவர்கள் நல்லவர்கள், அம்மாவை வீட்டு ஆள்போல நடத்துகிறவர்கள்தான்.

பள்ளத்தூர் மருமகள்:

கோட்டையூர் பக்கத்திலிருந்து எழுதியவருக்கு: நீங்கள் எழுதியதை நேற்று இரவு என் கணவரிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுக்கும் ஓர் அக்கா வருகிறார். என் கணவர் பலகாரம் செய்த ஒன்பது நாளும் அந்த எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்தது அந்த அக்காதான். 'தொடக்கம் முதல் கடைசிவரை' என்று மேலே எழுதினேனே, அது தப்பு. சட்டி கழுவுவதை அதில் நான் சேர்க்கவே இல்லை. எனக்கு அது தோன்றவும் இல்லை.

இன்று காலை அவரே அந்த அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த முறை நாங்கள் தங்கும் நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அவருக்கு வேலை கிடையாது, நடுவில் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுமுறை, வருவதற்கு முன் செய்கிற ஒருவார வேலைக்குத் தனிக் கூலி. இரவுப் பாத்திரத்தை நாங்கள் பதினான்கு பேரும் முறை வைத்துக்கொள்கிறோம். அக்கா முதலில் நம்பவில்லை. "நான் எதுவும் தப்புச் செய்துவிட்டேனா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டாராம். பிறகு, மே மாதம் மகள் பிள்ளைகள் வருவார்கள், அந்த இரண்டு நாளையும் அப்போது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.