ரேச்சல் எந்தப் பஞ்சாயத்தில் வருகிறது?

கார்த்திக்: சனிக்கிழமை லாஸ் வேகஸிலிருந்து ரேச்சல் என்ற ஊருக்குப் போகிறோம், அதுவும் நெவாடா மாநிலம்தான். 93ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸில் 375க்குத் திரும்ப வேண்டும். ஏறக்குறைய 240 கி.மீ.

வசந்தி அத்தை: அங்கே என்ன இருக்கிறது?

கார்த்திக்: பாலைவனம், ஒரு சாப்பாட்டுக்கடை, கொஞ்சம் டிரெய்லர் வீடுகள். ஏரியா 51 பக்கத்தில்தான் அத்தை, வேற்றுக்கிரகவாசிகளை ஒளித்து வைத்திருப்பதாகக் கதை கட்டுவார்களே, அந்த ரகசிய ராணுவத் தளம். 375க்கு 1996இலேயே ‘வேற்றுக்கிரக நெடுஞ்சாலை’ என்று மாநில அரசே பெயர் வைத்துவிட்டது 👽

சண்முகம் பெரியப்பா: மக்கள்தொகை?

கார்த்திக்: 2010இல் 54. 2020இல் 48.

வசந்தி அத்தை: நம் வீட்டு வளைகாப்புக்கே அதைவிடக் கூட்டம் வருமே 😂

சண்முகம் பெரியப்பா: எந்தப் பஞ்சாயத்தில் வருகிறது? எல்லை தெரியாமல் 48 என்று எப்படி எண்ணினார்கள்?

பிரியா: வந்துவிட்டார் வி.ஏ.ஓ. 🙏

பிரியா: பஞ்சாயத்தே கிடையாது பெரியப்பா. மேயர், கவுன்சில் எதுவும் இல்லை. அன்இன்கார்ப்பரேட்டட் என்பார்கள். எல்லாவற்றுக்கும் லிங்கன் கவுண்டிதான் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), போலீஸ் வேண்டுமென்றால் கவுண்டி ஷெரிஃப். சென்சஸ்காரர்கள் எண்ணுவதற்காக மட்டும் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள், அதற்குச் சட்டப்படி மதிப்பு இல்லை.

சண்முகம் பெரியப்பா: நம் குக்கிராமம்கூட ஏதாவது ஓர் ஊராட்சிக்குள் வந்துவிடும். இங்கே அந்தப் படியே இல்லையா! கவுண்டி எவ்வளவு பெரிது?

கார்த்திக்: சுமார் 27,500 சதுர கி.மீ. மொத்தமே 4,499 பேர்.

வசந்தி அத்தை: தனியாகப் போகாதேடா.

பிரியா: சின்ன ஊர் என்பதால்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது பெரியப்பா. லாஸ் வேகஸில் ஸ்ட்ரிப் என்ற சாலையில் பெரிய ஹோட்டல்கள் இருக்கிறதே, அதில் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகரத்திலேயே இல்லை. பாரடைஸ் என்ற இடத்தில் இருக்கிறது. 2020இல் 1,91,238 பேர், அதுவும் அன்இன்கார்ப்பரேட்டட்தான். நெப்ராஸ்காவில் மோனோவை என்று ஓர் ஊர், 2010 கணக்கில் ஒரே ஒரு பாட்டி. ஆனால் அது முறைப்படி பதிவான கிராமம், அந்தப் பாட்டிதான் மேயர்.

சண்முகம் பெரியப்பா: அவருக்கு வரி விதிப்பவரும் அவரே, கட்டுபவரும் அவரே. அருமை.

பிரியா: 2020இல் அங்கே 2 பேர் என்று வந்தது. இரண்டாவது ஆள் யாரும் இல்லை. தனிமனித விவரம் வெளியே தெரியக்கூடாது என்று சின்ன இடங்களின் எண்ணிக்கையைச் சென்சஸே கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் வெளியிடும். மாநில மொத்தம் மட்டும் மாறாது.

சண்முகம் பெரியப்பா: அப்படியானால் இவன் சொன்ன 48?

கார்த்திக்: அதுவும் ஏறக்குறையத்தான் 🙈

சண்முகம் பெரியப்பா: நான் இப்படிக் கணக்குக் கொடுத்திருந்தால் தாசில்தார் மெமோ கொடுத்திருப்பார்.

வசந்தி அத்தை: ஊர் ஏன் இப்படிக் காலியானது?

கார்த்திக்: பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் இருந்தது அத்தை. 80களில் மூடிவிட்டார்கள், வேலைக்கு வந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். 2019 செப்டம்பரில் மட்டும் ஊர் அல்லோலகல்லோலம். ஏரியா 51க்குள் புகுவோம் என்று ஒருவர் ஃபேஸ்புக்கில் விளையாட்டாகப் போட, 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறோம் என்று அழுத்திவிட்டார்கள். வந்தது சில ஆயிரம் பேர்தான்.

பிரியா: ரேச்சலில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதே கார்த்தி. வழியில் அலமோ என்ற ஊரில் நிரப்பிக்கொள். அங்கிருந்து ரேச்சலுக்கு 80 கி.மீ.க்கு மேல், சிக்னலையும் நம்பாதே.

வசந்தி அத்தை: தண்ணீரும் எடுத்துக்கொள். அண்ணே, நீங்களும் சொல்லுங்கள்.

சண்முகம் பெரியப்பா: போனதும் எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வா.