சிங்கராஜக் காட்டில் ஒரு நாள்: அட்டை, பச்சை விரியன், கெக்குண எல்ல

காட்டு நடை என்றதும் எனக்கு உடனே ஞாபகம் வருவது இலங்கையின் சிங்கராஜ மழைக்காடுதான். நானும் தம்பியும் மச்சானும் மாத்தறையிலிருந்து அக்குரஸ்ஸ வழியாகத் தெனியாயவுக்கு பஸ்ஸில் போய், மறுநாள் விடிய ஓட்டோ பிடித்துப் பிட்டதெனிய வாசலில் இறங்கினோம். அங்கே வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. எங்களோடு வந்தவர் பக்கத்துக் கிராமத்து ஆள். அறுபது வயது இருக்கும், காலில் வெறும் ரப்பர் செருப்பு. நாங்கள் 'மாமே' (மாமா) என்றோம், அவர் எங்களை 'மல்லி' (தம்பி) என்றார். எங்களுக்குச் சிங்களம் அரைகுறைதான், ஆனாலும் சமாளித்துவிட்டோம்.

புறப்படும் முன்னமே மேசுகளில் (காலுறைகளில்) சவர்க்காரம் தேய்க்கச் சொன்னார், அட்டைக்காக. அப்படியும் அரை மணித்தியாலத்தில் தம்பி கத்தினான். குனிந்து பார்த்தேன். நூல் தடிப்பில் ஒன்று, மேசின் பின்னலுக்குள் முன்பாதியை நுழைத்துவிட்டுப் பின்பாதியால் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. பிடுங்கப்போன என் கையை மாமே தட்டிவிட்டார். காலுறையை மெல்லக் கீழே இறக்கி, நகத்தைத் தோலோடு ஒட்டிவைத்து, அட்டையின் வாயைப் பக்கவாட்டில் தள்ளினார். வந்துவிட்டது. கடித்த இடம் வலிக்கவேயில்லை, இரத்தம்தான் கனநேரம் நிற்கவில்லை. இரத்தத்தை உறையவிடாத ஒன்று அதன் எச்சிலில் இருக்கிறது. உப்புப் போடட்டுமா என்று மச்சான் கேட்டதற்கு, 'ஓடைப் பக்கத்தில் வேண்டாம், தவளை இருக்கும், அதுக்கு உப்பு ஆகாது' என்றார்.

நாங்கள் அருவியைப் பார்க்கிற அவசரத்தில் நடந்தோம். அவரோ பத்தடிக்கு ஒருதரம் நின்றார். ஒரு இடத்தில் கையை நீட்டி எங்களை மறித்தார். என் தோளிலிருந்து ஒரு முழத் தூரத்தில் பச்சை விரியன்! பச்சை உடம்பில் கறுப்புக் கோலம், முக்கோணத் தலை, கிளையோடு கிளையாகச் சுருண்டு அசையாமல் கிடந்தது. நான் அந்தக் கிளையைப் பிடித்து ஏறத்தான் கை தூக்கியிருந்தேன். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பாம்பு இது, இரவில்தான் இரை தேடும், பகலில் தொந்தரவு செய்யாவிட்டால் இப்படியே கிடக்கும் என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அவர் காலடியிலேயே நடந்தோம்.

இந்தக் காட்டின் மேற்குப் பக்கத்தில் 1970களில் ப்ளைவூட்டுக்காக இயந்திரம் விட்டு மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து 1977இல் அது நின்றது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மாமே அந்தக் காலத்தில் சின்னப் பையன். அந்த மரவெட்டு நின்றிருக்காவிட்டால் இன்றைக்கு உங்களுக்குக் காட்ட என்னிடம் என்ன இருந்திருக்கும் என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கெக்குண எல்ல பெரிய அருவி இல்லை. பாறை மேல் வழிந்து ஒரு குளத்தில் விழுகிறது. தண்ணீர் ஐஸ் மாதிரி. மூவரும் கழுத்தளவு இறங்கி நின்றோம், மேலே நல்ல வெயில். அப்புறம் மாமே எழுந்து வந்து தண்ணீரையே பார்த்தார். வெளிறிய தேத்தண்ணி நிறம், நாலைந்து காய்ந்த இலைகள். அவ்வளவுதான். 'ஏறுங்கள்' என்றார். இன்னும் ஐந்து நிமிஷம் என்று மச்சான் கெஞ்சினான். மாமே அவன் கையைப் பிடித்தே இழுத்துவிட்டார். ஓடை வருகிற மேல்பக்கத்தில் எங்கோ மழையாம்.

உடுப்பு மாற்றி முடிக்கவில்லை, சத்தம் மாறியது. நாங்கள் பையை வைத்திருந்த பாறை செம்மண் நிறத் தண்ணீருக்குள் போய்விட்டது. நாங்கள் வாய் பிளந்து நின்றோம். மாமே அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. தம்பியின் காலைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, விரலிடுக்கில் இன்னொரு அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.