கிளியர் அடிச்சதும் பாடி சுருங்கிடுச்சு, அவசர உதவி தேவை

பெட்டிக்குள்_பீட்டில்
மக்களே, அவசரம். பீட்டில் கார் பிளாஸ்டிக் மாடல் செய்யறேன். அதோட பாடிக்கு, பெயிண்ட் மேல கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிச்சேன். கொஞ்ச நேரத்துலயே பெயிண்ட் அப்பளம் மாதிரி சுருங்கிடுச்சு. மேல வெள்ளையா ஏதோ படிஞ்ச மாதிரியும் இருக்கு. சனிக்கிழமை அக்கா பையன் பொறந்தநாளுக்குக் குடுக்கணும். தின்னர் போட்டு துடைச்சா போயிடுமா?

கோவை_ஏர்பிரஷ்
தின்னர் பக்கமே போகாதீங்க ப்ரோ! ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் பட்டா பெயிண்ட் மட்டும் இல்ல, பாடியே கரைஞ்சு கொழகொழன்னு ஆயிடும். ஸ்டைரின் பிளாஸ்டிக் அதைத் தாங்காது. முதல்ல இதெல்லாம் சொல்லுங்க: என்ன கிட்? கீழ என்ன பிரைமர்? கலர் என்ன, கிளியர் என்ன? ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விட்டீங்க?

பழைய_பிளேடு
வாரம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. தேடற பெட்டின்னு ஒண்ணு மேல இருக்கு, யாரும் தொடறதில்லை. பாடியை சோப்புத் தண்ணில கழுவினீங்களா? அச்சுல இருந்து பிளாஸ்டிக் ஒட்டாம வரணும்னு தடவற எண்ணெய் அப்படியே இருந்திருக்கும். கழுவாம பெயிண்ட் அடிச்சா இப்படித்தான். நாங்கெல்லாம் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையா இதைத்தான் செய்வோம்.

ஸ்ப்ரூ_சாமி
ஊர் எது ப்ரோ? சென்னைன்னா வேற காரணமே தேட வேண்டாம், மழைதான். ஈரக்காத்துல லாக்கர் (சட்டுனு காயற பெயிண்ட்) அடிச்சா பனி பூத்த மாதிரி வெளுத்துடும். லாக்கர்ல இருக்கற கரைப்பான் வேகமா ஆவியாகும்போது மேல்பரப்பு சட்டுனு குளிர்ந்துடும். காத்துல இருக்கற ஈரம் அது மேல படிஞ்சு படலத்துக்குள்ள மாட்டிக்கும். நான் ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் ஸ்ப்ரே டப்பாவைத் தொடவே மாட்டேன்.

பெட்டிக்குள்_பீட்டில்
தமியா கம்பெனி கிட், 1/24 அளவு, 1966 பீட்டில். கழுவித்தான் அடிச்சேன். கலர் தமியா டி.எஸ்-26 வெள்ளை லாக்கர் ஸ்ப்ரே. போரூர், பால்கனில வச்சு ராத்திரி அடிச்சேன். மழை இல்ல, விட்டிருந்தது.

கோவை_ஏர்பிரஷ்
கிளியர் என்னன்னு இன்னும் சொல்லலையே ப்ரோ.

ஸ்ப்ரூ_சாமி
நவம்பர் மாசம், போரூர், ராத்திரி. மழை விட்டா ஈரம் எங்க போகும்? நான் சொன்னதுதான்.

ஃபாயில்_அக்கா
வெள்ளைப் படலத்துக்கு ஈரம்தான் காரணம், சரி. ஆனா ஈரத்தால பெயிண்ட் சுருங்காது சாமி. அது வேற சமாசாரம். தம்பி, பாடி முழுக்க சுருங்கியிருக்கா, இல்ல அங்கங்கயா? அது தெரிஞ்சா பாதி விடை கிடைச்ச மாதிரி.

பழைய_பிளேடு
கழுவினேன்னு எல்லாரும்தான் சொல்வாங்க. குழாய்ல காட்டி எடுத்தா கழுவினதா ஆகாது. பழைய டூத் பிரஷ், பாத்திரம் தேய்க்கற சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி. அதுக்கப்புறம் கை படவே கூடாது. நான் கையுறை போடாம பாடியைத் தூக்கறதே இல்லை.

கோவை_ஏர்பிரஷ்
பிளேடு சார், எண்ணெயோ சிலிகானோ இருந்தா பெயிண்ட் ஒதுங்கி மீன்கண் மாதிரி வட்ட வட்டமா குழி விழும். சுருக்கம் விழாது. நீங்க சொல்றது இந்த வியாதிக்கான மருந்து இல்லை.

பெட்டிக்குள்_பீட்டில்
கிளியர் ஹார்டுவேர் கடைல வாங்கினது, வண்டிக்கு அடிக்கற ஸ்ப்ரே டப்பா. ஹாபி கிளியர் ஸ்டாக் இல்லன்னுட்டாங்க. சுருக்கம் ஜன்னலுக்குக் கீழ நீளமா ஓடற பட்டை கிட்டயும், ஜன்னல் ஓரத்துலயும் மட்டும்தான். டாப்பு, பானெட் எல்லாம் வெளுத்திருக்கு, ஆனா சுருங்கல.

ஸ்ப்ரூ_சாமி
அந்த டப்பாதான் வில்லன். கார் பெயிண்டுக்கான கரைப்பான் ரொம்பக் காரம். இரும்புக்குன்னு செஞ்சதை பிளாஸ்டிக்ல அடிச்சா இப்படித்தான்.

கோவை_ஏர்பிரஷ்
இப்பதான் ஈரம்னீங்க சாமி.

ஸ்ப்ரூ_சாமி
ரெண்டும்தான்.

ஸ்காபரோ_கராஜ்
தம்பி, வெள்ளை லாக்கருக்கு மேலை லாக்கர் கிளியர் அடிச்சால் சுருங்காது, ரெண்டும் ஒரே சாதி. நீங்கள் சொல்லுற இடமெல்லாம் குரோம் பட்டி வாற இடம். அங்கை வெள்ளி நிறம் தூரிகையாலை பூசினனீங்களோ? பூசினது எந்தப் போத்தல்? நம்பரை மட்டும் பாராமல் லேபிளை வாசிச்சுச் சொல்லுங்கோ.

பெட்டிக்குள்_பீட்டில்
ஆமா அண்ணா, எக்ஸ்-11 குரோம் சில்வர். அக்ரிலிக்தான், முந்தாநாள் ராத்திரி பூசினேன்.

ஸ்காபரோ_கராஜ்
எக்ஸ்-11 எண்ட நம்பர் அக்ரிலிக்கிலையும் இருக்கு, எனாமலிலையும் இருக்கு. நிறம் ஒண்டு, சாமான் வேறை; எனாமல் எண்டால் எண்ணெய்ச் சாதிப் பெயிண்ட். கடையிலை நம்பரைச் சொல்லிக் கேட்டால் எது கைக்கு வருகுதோ அதைத் தருவினம். எனாமல் மேலாலை காய்ஞ்ச மாதிரித் தெரியும், தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளுக்குக் காத்தோடை சேர்ந்து இறுக நாள்க்கணக்காகும். அதுக்கு முதல் காரமான லாக்கர் மேலை விழுந்தால் கரைப்பான் உள்ளை இறங்கும், எனாமல் ஊதிக் கிளம்பும். நீங்கள் பாத்த சுருக்கம் அதுதான். லாக்கர் கீழை, எனாமல் மேலை. மாறிப் போகக் கூடாது.

கோவை_ஏர்பிரஷ்
இதுதான். காஞ்சுதான்னு பார்க்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு. பாடியை மூக்கு கிட்ட கொண்டு போங்க. பெயிண்ட் வாசனை வந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம். கையால தொட்டுப் பார்க்கறதை நம்பாதீங்க.

பழைய_பிளேடு
எனாமல் மேல லாக்கர் அடிக்கக் கூடாதுங்கறது ஒண்ணாங் கிளாஸ் பாடம். முதல்லயே சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேன். இப்ப ஒரே வழிதான் இருக்கு. மொத்தமா உரிச்சு எடுத்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பிரேக் ஆயில்ல ஒரு ராத்திரி ஊற வச்சா எல்லாம் கழண்டு வந்துடும்.

கோவை_ஏர்பிரஷ்
பிரேக் ஆயில் வேலை செய்யும், ஆனா டாட் 3 இல்ல டாட் 4 டப்பாவாப் பார்த்து வாங்கணும். டாட் 5 சிலிகான். அது பெயிண்டையும் உரிக்காது, பாடி முழுக்க சிலிகானைப் பூசிட்டும் போயிடும். அதுக்கப்புறம் நான் சொன்ன மீன்கண் குழி நிஜமாவே வரும். முதல்ல மிச்சம் கிடக்கற ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டம்) துண்டு ஒண்ணைப் போட்டுப் பாருங்க. கண்ணாடி பாகமும் குரோம் பாகமும் உள்ள போகவே கூடாது. கையுறை கட்டாயம்.

ஃபாயில்_அக்கா
எதுக்கு மொத்தமா உரிக்கணும்? சனிக்கிழமை குடுக்கணும்னு தம்பி முதல் வரிலயே சொல்லியாச்சு. சுருங்கின இடம் எது? குரோம் பட்டை. அங்க கடைசில என்ன வரப்போகுது? குரோம்தான். அப்ப அந்தக் கோட்டை மட்டும் சமமாக்கி மேல பேர் மெட்டல் ஃபாயில் (பின்னாடி பசை இருக்கற மெல்லிசான உலோகத் தாள்) ஒட்டிட்டா கீழ என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? பூசின வெள்ளியை விட அசலா இருக்கும்.

எப்படின்னா, பட்டைக்கு மேலயும் கீழயும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க. இல்லன்னா வெள்ளையும் சேர்ந்து தேஞ்சுடும். 1500 வாட்டர் பேப்பரை சின்னதா மடிச்சு, தண்ணில ஒரு சொட்டு சோப்பு விட்டு, சுருக்கத்தை மெதுவா தேய்ங்க. மேல இருக்கற கிளியர் போனதும் எனாமல் வெளிய தெரியும். காது குடையற பஞ்சுக் குச்சியை டர்பன்டைன்ல லேசா நனைச்சு துடைச்சா அது வந்துடும். காஞ்ச லாக்கரை டர்பன்டைன் ஒண்ணும் பண்ணாது. அப்புறம் 2000 பேப்பர் போட்டு முடிச்சிடுங்க.

ஃபாயிலைப் பட்டையை விட அகலமா வெட்டி ஒட்டி, பல்குச்சி முனையால ஓரம் ஓரமா அழுத்துங்க. பட்டையோட விளிம்பு எழும்பித் தெரியும். அந்த விளிம்பை ஒட்டியே புது பிளேடு போட்டு, அழுத்தாம இழுத்தாப் போதும். பழைய பிளேடு ஃபாயிலைக் கிழிச்சிடும் (பிளேடு சார், உங்களைச் சொல்லல).

ஆறு_வோல்ட்
நல்ல கிட் எடுத்திருக்கீங்க. 1966 பீட்டிலுக்கு முன் விளக்குக் கண்ணாடி சாஞ்சு இருக்கும். அதுல கிளியர் மஞ்சள் எக்ஸ்-24 ரொம்ப லேசா ஒரு கோட் குடுங்க. அந்த வருஷத்து வண்டில 6 வோல்ட் கரண்டு, வெளிச்சம் மங்கலா மஞ்சளாத்தான் இருக்கும். அப்பதான் அசல் மாதிரி தெரியும்.

ஸ்ப்ரூ_சாமி
66-ல 12 வோல்ட் சார். எங்க பெரியப்பா வச்சிருந்த வண்டி 12 வோல்ட்தான்.

ஆறு_வோல்ட்
அது மாத்தினதா இருக்கும். நிறைய பேர் மாத்தியிருக்காங்க. அமெரிக்காவுக்குப் போன பீட்டிலுக்கே 1967 மாடல்லதான் 12 வோல்ட் வந்துச்சு. 66-ல புதுசா வந்தது 1285 சிசி என்ஜினும், பின் மூடில 1300-ங்கற பேட்ஜும், துளை போட்ட வீலும், வீல் நடுவுல மாட்டற தட்டையான கப்பும். கரண்டு பழசுதான்.

ஸ்ப்ரூ_சாமி
பெரியப்பா வண்டிலயும் தட்டை கப்புதான் இருந்துச்சு. அப்ப அது 66 தானே?

ஆறு_வோல்ட்
தட்டை கப்பு அதுக்கப்புறம் வந்த வண்டிலயும் உண்டு. கப்பை வச்சு வோல்ட் சொல்ல முடியாது.

ஸ்ப்ரூ_சாமி
நான் கண்ணால பார்த்த பேட்டரி சார் அது.

கோவை_ஏர்பிரஷ்
பீட்டில்ல பேட்டரி பின் சீட்டுக்கு அடியில. மாடல்ல சீட்டை ஒட்டியாச்சுன்னா 6-ஆ 12-ஆன்னு எந்தக் கடவுளுக்கும் தெரியாது. விடுங்க ரெண்டு பேரும். விளக்கு எரியாத மாடலுக்கு கண்ணாடில மஞ்சள் எதுக்குன்னும் எனக்குப் புரியல. அணைஞ்சிருக்கற விளக்கு எல்லா வோல்ட்லயும் ஒரே நிறம்தான்.

பழைய_பிளேடு
வோல்ட்டை விடுங்க, நிறத்துக்கு வாங்க. டி.எஸ்-26 தூய வெள்ளை. பீட்டிலுக்கு ஃபோக்ஸ்வாகன் குடுத்த வெள்ளை எல்-87, முத்து வெள்ளை. அதுல லேசா பழுப்பு ஓடும். இந்த வெள்ளையை அடிச்சா ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும். அசல் வேணும்னா உரிச்சுத்தான் ஆகணும்.

ஃபாயில்_அக்கா
பிறந்தநாள் பையனுக்கு எல்-87 தெரியுமா சார்?

ஸ்காபரோ_கராஜ்
பிளேடு சொல்லுறது நிறத்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இப்ப அவசரம் வேறை. தம்பி, டாப்பிலை இருக்கிற வெள்ளைப் படலத்துக்கு ஒண்டும் உரிக்கத் தேவையில்லை. காத்திலை ஈரம் குறைஞ்ச பகல் நேரம் பாத்து லெவலிங் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷிலை மென்மையாய், தூரத்திலை பிடிச்சு ஒரு தூவல் அடியுங்கோ. அதிலை மெதுவாய்க் காயிற சாமான் கலந்திருக்கு. கிளியர் திரும்ப இளகி, மாட்டின ஈரம் வெளியேறும், பிறகு தெளிஞ்சு இறுகும். ஆனால் முதலிலை அந்த எனாமல் முழுக்கப் போக வேணும். கொஞ்சம் மிஞ்சினாலும் தின்னர் பட்டவுடனை திரும்பச் சுருங்கும்.

பெட்டிக்குள்_பீட்டில்
ஏர்பிரஷ் இல்ல.

கோவை_ஏர்பிரஷ்
அப்ப அதே கிளியரை நல்ல வெயில் நாள்ல மெலிசா ஒரு கோட் அடிங்க. அடிக்கறதுக்கு முன்னாடி டப்பாவை வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வச்சு எடுங்க, துளி பொடியா வரும். கொதிக்கற தண்ணி வேண்டவே வேண்டாம், வெடிச்சுடும். பெரும்பாலும் வெளுப்பு தெளிஞ்சுடும். முதல்ல பாடியோட உள்பக்கம் அடிச்சுப் பாருங்க. பிளாஸ்டிக்ல மயிரிழை விரிசல் எதுவும் விழலைன்னா வெளிய அடிங்க. அடுத்த தடவை ஹாபி கிளியர் கிடைக்கற வரைக்கும் காத்திருங்க. ஸ்ப்ரே டப்பாவை விமானத்துல ஏத்த விட மாட்டாங்க, அதனால வர்றதுக்கு நாளாகும். எல்லாருக்கும் அதே கதைதான்.

ஸ்ப்ரூ_சாமி
வெயில் நாள்ங்கறார். நவம்பர்ல. போரூர்ல.

ஃபாயில்_அக்கா
தம்பி, தேய்ச்சாச்சா? ஃபாயில் இருக்கா? இல்லன்னா கேளுங்க. சமையல் அலுமினியம் ஃபாயிலையும் ஒட்டலாம், அதுக்குன்னு தனியா பசை இருக்கு. கொஞ்சம் தடிமன்தான், ஆனா நேரான பட்டைக்கு ஓடும். ஜன்னல் வளைவுல மட்டும் சுருக்கம் விழும்.

பெட்டிக்குள்_பீட்டில்
லேபிள் பார்த்தேன், எனாமல்தான். அக்கா சொன்ன மாதிரி தேய்ச்சு எடுத்துட்டேன், கோடு சமமாயிடுச்சு. மதியம் வெயில் வந்துச்சு, ஒரு கோட் அடிச்சேன், டாப்பு தெளிஞ்சுடுச்சு. ஃபாயில் நாளைக்கு வருது. எல்லாருக்கும் நன்றி.

ஃபாயில்_அக்கா
சூப்பர். முடிஞ்சதும் படம் போடுங்க, மறக்காதீங்க.

பழைய_பிளேடு
தெளிஞ்சுடுச்சுன்னு இன்னைக்குச் சொல்வாங்க. ஒரு மாசம் கழிச்சு வந்து சொல்லச் சொல்லுங்க.

ஆறு_வோல்ட்
விளக்குக்கு மஞ்சள் குடுத்தீங்களா?

ஃபாயில்_அக்கா
ஞாயித்துக்கிழமையும் ஆச்சு. தம்பி, படம் எங்க?

புதுக்கோட்டை_புரொப்பல்லர்
அண்ணா எனக்கும் இதே பிரச்சனை. ஆனா என்னோடது கார் இல்ல, பிளேன். கிளியர் அடிச்சதும் ஸ்டிக்கர் ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி மின்னுது. என்ன பண்றது?

கோவை_ஏர்பிரஷ்
அது வேற பிரச்சனை ப்ரோ, ஸ்டிக்கருக்கு அடில காத்து மாட்டியிருக்கு. தனி இழை போடுங்க. போடும்போது கிட், பெயிண்ட், கிளியர், ஊர் நாலையும் முதல் வரிலயே எழுதிடுங்க.